முன்துளையிட்ட கட்டையில் முதல் சுங்கான்: வார்னிஷா, மெழுகா?

புதுஉளி

எல்லாருக்கும் வணக்கம். மரவேலை எனக்குப் புதிதில்லை. முக்காலி, அலமாரி, சின்னச் சின்னப் பெட்டிகள் என்று செய்துகொண்டிருப்பவன். சுங்கான்தான், அதாவது புகையிலை பிடிக்கும் பைப்தான், புதிது. துளை போட்ட பிரையர் (சுங்கானுக்கு வழக்கமான வேர்முண்டு மரம்) கட்டை ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கிண்ணக் குழியும் தண்டு வழியாகப் புகை போகும் துளையும் ஏற்கெனவே குடைந்து, கறுப்பு எபொனைட் வாய்க்குழாயையும் செருகியே கொடுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் சதுரக் கட்டை. முரட்டு அரம், அரைவட்ட அரம், வட்ட அரம், நல்ல கத்தி, எல்லா நம்பரிலும் உப்புத்தாள் இருக்கின்றன. கடைசல் இயந்திரமும் பாலிஷ் சக்கரமும் இல்லை.

மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு கோட் அடித்தால் வேலை முடிந்தது என்றிருந்தேன். தேடிப் படித்தால் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள், ஏன் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. கிண்ணத்தின் சுவர் எவ்வளவு மெல்லியதாகப் போகலாம்? உள்ளே ஏதாவது பூச வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேரடி

வார்னிஷ் கடைசி வேலை, அதைப் பிறகு பார்ப்போம். அரத்தை எடுப்பதற்கு முன் கட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். வெளியே எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் உள்ளே புகைவழி சரியில்லை என்றால் அது ஷோகேஸ் பொம்மைதான்.

வாய்க்குழாயை மாட்டிக்கொண்டு, பைப் கிளீனர் ஒன்றை நுனியிலிருந்து உள்ளே விடுங்கள். எங்கும் முட்டாமல் நேரே போய்க் கிண்ணத்தின் அடியில் தலை நீட்ட வேண்டும். நடுவழியில் முட்டினால் வாய்க்குழாயின் கழுந்து (தண்டுக்குள் செருகும் மெல்லிய முனை) நுழையும் இடத்தில் இரண்டு துளைகளும் நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம். கழுந்தின் முனையில் துளையின் வாயை லேசாகப் புனல் மாதிரி அகட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழுந்தின் முனைக்கும் அது உட்காரும் துளையின் அடிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் ஈரம் தேங்கிக் களகளவென்று சத்தம் போடும்.

அடுத்தது, புகைத்துளை கிண்ணத்துக்குள் எங்கே திறக்கிறது என்பது. அடித்தளத்தை ஒட்டி, நடுவில் திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அதற்குக் கீழே உள்ள புகையிலை எரியாமல் ஈரச் சக்கையாகத் தங்கிவிடும். குழியின் விட்டம் 19 மி.மீ. வாக்கிலும், புகைத்துளை 4 மி.மீ. வாக்கிலும் இருப்பதுதான் வழக்கம். துளை அதைவிடக் குறுகலாக இருந்தால் நீளமான 4 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையாலேயே மெல்லத் திருகி அகட்டிக்கொள்ளலாம். மெஷினில் மாட்ட வேண்டாம், அடித்தளத்தைத் தாண்டிப் போய்விடும்.

சுவர் விஷயம். பக்கங்களில் 6 மி.மீ.க்குக் குறையாதீர்கள், அடியில் 8 மி.மீ. இருக்கட்டும். கண்ணளவில் அடி எவ்வளவு கனம் என்று தெரியாது. ஒரு குச்சியைக் குழிக்குள் அடிவரை விட்டு, விளிம்போடு சேர்த்து நகத்தால் பிடித்து, அதே நீளத்தைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே 8 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. ராவ ராவக் கோடு அழியும், மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருங்கள். இரண்டாவது கோட்டைத் தாண்டி அரம் போகக் கூடாது.

கடைசல்காரன்

வேரடி சொன்னது எல்லாம் சரி. ஆனால் முன்துளைக் கட்டையில் எனக்கு அடிப்படையிலேயே ஒரு மனக்குறை உண்டு. துளை எங்கே போட வேண்டும் என்பதை மரம் சொல்ல வேண்டும். இங்கே எவனோ தொழிற்சாலையில் எல்லாக் கட்டைக்கும் ஒரே இடத்தில் குடைந்து அனுப்பிவிடுகிறான். ரேகை ஒரு பக்கம் போகும், கிண்ணம் வேறு பக்கம் பார்க்கும்.

டென்மார்க்கில் சிக்ஸ்டன் ஈவார்சன் என்ற சுங்கான் கைவினைஞர் முதலில் உருவத்தைச் செதுக்கிவிட்டு அதற்கப்புறம்தான் துளை போட்டார். டேனிஷ் பாணி என்று இன்று எல்லாரும் கொண்டாடும் அந்த வளைந்த, ரேகையோடு சேர்ந்து ஓடும் வடிவங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. துளைதான் முதலில் என்றால் இயந்திரம் விட்ட வழியில்தான் கை போகும்.

வேரடி

கடைசல்காரரே, ஈவார்சன் கதை எனக்கும் பிடிக்கும். செதுக்கி முடித்த வளைந்த உருவத்தில் 4 மி.மீ. துளையைக் கிண்ணத்தின் அடிநடுவுக்கு மிகச் சரியாகக் கொண்டுபோய் இறக்கப் பல வருஷக் கை வேண்டும். தம்பியிடம் கடைசல் இயந்திரமே இல்லை. முதல் சுங்கானுக்கு நேரான துளை இலவசமாகக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்பானேன்?

கடைசல்காரன்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுஉளி, கட்டையை அப்படியே ராவ ஆரம்பிக்காதீர்கள். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஆறு பக்கமும் துடைத்துப் பாருங்கள். ஈரம் காயும் வரை ரேகை தெளிவாகத் தெரியும். பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்கிற மத்தியதரைக் கடலோரப் புதர்ச்செடியின் வேரும் தண்டும் சேரும் இடத்தில் திரளும் முண்டு. அந்த முண்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி இழைகள் விரிந்து ஓடும். இழையோடு சேர்ந்து வெட்டிய பக்கத்தில் நேர்க்கோடுகள், இழைக்குக் குறுக்கே வெட்டிய பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், அதைத்தான் பறவைக்கண் என்கிறார்கள். எந்தப் பக்கம் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கிண்ணத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே அகலம் விடுவது என்று முடிவு செய்யுங்கள். துளை மாறாது, ஆனால் அதைச் சுற்றி விளையாட நிறைய மரம் இருக்கிறது.

நிழல்மரம்

நடுவில் ஒரு சந்தேகம். பிரையர்தான் வேண்டுமா? என்னிடம் நன்றாகக் காய்ந்த ரோஸ்வுட் துண்டு சும்மா கிடக்கிறது.

வேரடி

ரோஸ்வுட் வேண்டாம். அந்த இனத்து மரத்தூள் பலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும். பிசினும் எண்ணெயும் அதிகம், சூடானால் என்ன வெளிவரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரளி, யூ மாதிரி நச்சு மரங்கள் பக்கமே போகக் கூடாது. பிரையருக்கு மாற்றாகப் பழகிய மரங்கள் என்றால் செர்ரி, பேரி, ஆலிவ், மேப்பிள். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் புதைந்து கறுத்துப்போன ஓக்கையும் செதுக்குகிறார்கள், மோர்ட்டா என்று பெயர். மக்காச்சோளத் தக்கையிலும் சுங்கான் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி மெர்ஷாம் கம்பெனி 1869லிருந்து அதைத்தான் செய்கிறது.

பிரையருக்குத் தனி மரியாதை இருப்பதற்குக் காரணம், அது சீக்கிரம் கருகாது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அடர்த்தி இருந்தும் கனம் தெரியாது. வெட்டி எடுத்த முண்டுகளைக் காயவிடாமல் ஈரத்தோடு வைத்திருந்து, அறுத்த கட்டைகளை மணிக்கணக்கில் கொதிநீரில் வேகவைத்துச் சாறெல்லாம் எடுத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் மெதுவாகக் காயவைக்கிறார்கள். நாம் வீட்டில் ஒரு மரத்துண்டை எடுத்து அத்தனையும் செய்ய முடியாது.

அரக்கு77

இப்போது வார்னிஷுக்கு வருகிறேன், என் பேட்டை இது. இணையம் முழுக்க ஒரே பாட்டு: “மரம் மூச்சுவிட வேண்டும், வார்னிஷ் அடித்தால் மூச்சு முட்டும்.” எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஈரம் கிண்ணத்தின் உட்சுவரில்தான் ஏறுகிறது, புகைத்து முடித்து ஆறவிடும்போது பெரும்பகுதி அதே வழியாகத்தான் காய்கிறது. வெளியே மெழுகு பூசுகிறோமே, அதுவும் ஒரு மூடிதானே? மூச்சுதான் பிரச்சினை என்றால் மெழுகையும் விலக்க வேண்டும்.

பாலியூரித்தேனை வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் சூடு. உள்ளே புகையிலை நூற்றுக்கணக்கான டிகிரியில் கனன்றுகொண்டிருக்கிறது. கிண்ணம் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், ஈரம் வேறு உள்ளிருந்து தள்ளும். மேலே ஒட்டியிருக்கும் கெட்டியான பிளாஸ்டிக் படலம் அதோடு ஈடுகொடுக்க முடியாமல் கொப்புளம் விடும், விளிம்பில் உரியும். உரிந்தபின் ஒட்டுப்போட முடியாது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். கிண்ணத்தின் வாய்விளிம்பில் தீக்குச்சி படும் இடத்தில் அந்தப் படலமே கருகும், அந்தப் புகை உங்கள் முகத்துக்கு நேரே.

அவலரக்கு (ஷெல்லாக்) வேறு கதை. ஸ்பிரிட்டில் நன்றாக நீர்க்கக் கரைத்து, துணியில் தொட்டு ஒரே ஒரு தடவல். காய்ந்ததும் 600 நம்பர் தாளால் மேலே நிற்பதை எடுத்துவிட்டால் மரத்தின் துவாரத்துக்குள் இருப்பது மட்டும் தங்கும். அதன்மேல் மெழுகு. பெரிய கைகள் பலரும் செய்வது இதுதான்.

நிழல்மரம்

மூச்சு விஷயத்தை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. நன்றாக வார்னிஷ் அடித்த மலிவுச் சுங்கானையும் வெறும் மெழுகு போட்டதையும் மாற்றி மாற்றிப் பிடித்தவன் நான். வார்னிஷ் போட்டது கையில் அதிகமாகச் சுடும், சீக்கிரம் ஈரமாகும்.

அரக்கு77

மலிவுச் சுங்கானில் சுவரும் மெல்லியது, மரமும் சரியாகக் காயாதது, துளையும் கோணல். குற்றத்தை வார்னிஷ் தலையில் மட்டும் போட்டால் எப்படி? ஒரே கட்டையில் பாதிக்கு வார்னிஷ் பாதிக்கு மெழுகு போட்டுப் பார்த்தால் ஒழிய இது தீராது.

நிழல்மரம்

அப்படி ஒன்று செய்து கொடுங்கள், புகைத்துப் பார்த்துச் சொல்கிறேன் 🙂

தச்சன்மகள்

நான் புகைப்பதில்லை. அது வாய்க்கும் நுரையீரலுக்கும் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த உருவம் பிடித்துப்போய் அலமாரியில் வைக்கவே செதுக்குகிறேன். அதற்கு நான் வார்னிஷ் அடிக்கலாம்தானே?

அரக்கு77

தாராளமாக அடிக்கலாம் அம்மா. நெருப்பு வைக்காத சுங்கானுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. கிண்ணத்தின் உட்புறத்துக்கும் சேர்த்தே அடியுங்கள், அப்போதுதான் வேறு யாரும் எடுத்துப் புகைக்க மாட்டார்கள்.

புதுஉளி

எல்லாருக்கும் நன்றி. முரட்டு அரத்தால் உருவம் வந்துவிட்டது. கிண்ணம் லேசாக முன்னே சாய்ந்து, தண்டு வட்டமாக. இப்போது இரண்டு சிக்கல். ஒன்று, 220 நம்பர் தாளுக்கு வந்ததும் தண்டின் இடப்பக்கம் கடுகளவு பள்ளம் ஒன்று வாயைத் திறந்துவிட்டது. இரண்டு, தண்டும் வாய்க்குழாயும் சேரும் இடத்தில் விரலால் தடவினால் படி தட்டுகிறது.

வேரடி

முதலில் அந்தப் படி. வாய்க்குழாயைக் கழற்றித் தனியாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தனியாகத் தேய்த்தால் இரண்டு முகத்தின் விளிம்பும் உருண்டுபோய், சேர்த்து மாட்டும்போது நடுவில் வெளிச்சம் தெரியும். மாட்டிய நிலையிலேயே தண்டையும் வாய்க்குழாயையும் ஒரே துண்டாக நினைத்து, தட்டையான கட்டையில் சுற்றிய 220 நம்பர் தாளால் நீளவாக்கில் இழுங்கள். விரலுக்கு ஒன்றும் தட்டாத வரை. அதன் பிறகு கழற்றுவது சாயம் போடும்போது மட்டும்தான். அப்போதும் கழுந்தில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றைச் செருகிக்கொண்டு வாய்க்குழாயைத் தேய்த்தால் விளிம்பு கூராகவே நிற்கும். வளையத்தின் விட்டம் தண்டை விட ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும்.

எபொனைட்டை 400, 600, 1000, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் போங்கள். ஒரு நம்பரின் கீறல் முழுக்கப் போகாமல் அடுத்ததுக்குத் தாவினால் கடைசிப் பளபளப்பில் அந்தக் கீறல் பல்லிளிக்கும். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறி, வாயில் கசக்கும். வெயில் படாமல் வையுங்கள். அந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அக்ரிலிக்குக்குப் போகிறார்கள். அது நிறம் மாறாது, ஆனால் பல்லுக்குக் கெட்டி.

கடைசல்காரன்

பள்ளத்துக்கு நான் சொல்கிறேன். பிரையரில் பள்ளம் வருவது சகஜம். வளரும்போதே மண்ணும் கல்லும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெரிய பெயருள்ள சுங்கான்களிலும் உண்டு. பிரையர்த் தூளும் சூப்பர் க்ளூவும் கலந்து அடைக்கலாம், ஆனால் அடைத்த இடம் சாயத்தை ஏற்காது. மற்ற இடமெல்லாம் சிவந்திருக்கும்போது அது மட்டும் புள்ளியாகத் தனித்து நிற்கும். எனக்கு அது பொய்ப்பல் கட்டிய மாதிரி.

சின்னப் பள்ளம் என்றால் அப்படியே விடுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் தண்டில் அந்தப் பகுதி முழுவதையும் சொரசொரப்பாகக் கொத்திவிடுங்கள். நாலைந்து கான்கிரீட் ஆணிகளைக் கூர்தீட்டி ஒரு இரும்புக் குழாய்த்துண்டில் இறுக்கிக்கொண்டு, மரத்தில் அழுத்தித் திருகித் திருகி எடுத்தால் பவளப்பாறை மாதிரி மேற்பரப்பு வரும். பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கூர்முனைகளை மழுக்கிவிடுங்கள். ஆனால் கொத்துவதற்கும் ஓரிரு மில்லிமீட்டர் மரம் வேண்டும். தண்டில் உள்ள கழுந்துத் துளையைச் சுற்றிச் சுவர் அவ்வளவு கனம் இருக்கிறதா பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

புதுஉளி

அளந்து பார்த்தேன். தண்டில் அவ்வளவு மரம் இல்லை. பள்ளத்தை அப்படியே விடுகிறேன். சாயத்துக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்?

அரக்கு77

ஸ்பிரிட்டில் கரைந்த தோல் சாயம். தண்ணீர்ச் சாயம் இழையைத் தூக்கிவிடும், எண்ணெய்ச் சாயம் உள்ளே இறங்காது. வரிசை இப்படி: 320 நம்பர் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து இழை நிமிர்ந்ததும் மறுபடி 320. இப்போது கறுப்பு அல்லது அடர் பழுப்புச் சாயம் ஒரு கோட். சிலர் சாயம் ஈரமாக இருக்கும்போதே நெருப்பு வைத்து ஸ்பிரிட்டை எரித்து இறக்குகிறார்கள். பார்க்கத் தமாஷாக இருக்கும், தூசி நிறைந்த பட்டறையில் வேண்டவே வேண்டாம். முடி உலர்த்தும் டிரையர் போதும்.

காய்ந்ததும் 400 நம்பரால் தேய்த்துச் சாயத்தை எடுத்துவிடுங்கள். பயப்படாதீர்கள், எல்லாம் போய்விடாது. மென்மையான இழையில் ஆழமாக இறங்கியது நிற்கும், கெட்டி இழையில் இருந்தது போகும். அதன்மேல் வெளிர் நிறம், தேன் நிறமோ சிவப்போ, ஒரு கோட். பறவைக்கண்ணும் நேர்க்கோடும் அப்போதுதான் எழுந்து நிற்கும். உங்கள் பள்ளமும் அந்தக் கறுப்பில் பாதி மறைந்துவிடும்.

எண்ணெய் தடவ நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் சொல்லவே வேண்டாம்.

நிழல்மரம்

மெழுகைப் பற்றி நான். கார்னோபா மெழுகு பிரேசிலில் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுப்பது. கல் மாதிரிக் கெட்டி, உருகவே 82லிருந்து 86 டிகிரி வேண்டும். அதனால்தான் சுங்கான் சூட்டில் பிசுபிசுக்காமல் நிற்கிறது. அதே காரணத்தால் அந்தக் கட்டியைக் கையால் தேய்த்தால் ஒன்றும் நடக்காது, சக்கரத்தின் உராய்வில் உருகித்தான் மரத்தில் ஏறும். சக்கரம் இல்லை என்றீர்கள். கை ட்ரில்லை மேசையில் இறுக்கிக் கட்டி, அதில் பருத்தித்துணிச் சக்கரத்தை மாட்டினால் போதும். முதலில் ட்ரிப்போலி (சற்று முரடான பாலிஷ் கட்டி), பிறகு வெள்ளை பாலிஷ், கடைசியில் மெழுகு. மூன்றுக்கும் மூன்று தனிச் சக்கரம், கலந்துவிடக் கூடாது.

சுங்கானை எப்போதும் சக்கரத்தின் கீழ்ப்பாதியில், உங்களை விட்டு விலகிச் சுற்றும் பக்கத்தில் தொடுங்கள். மேல்விளிம்பில் பட்டால் பிடுங்கிச் சுவரில் அடிக்கும். வாய்க்குழாயை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், எபொனைட் சூட்டில் இளகும்.

புதுஉளி

கிண்ணத்தின் உட்புறத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. ஒன்றும் பூசாமல் விடலாமா?

கடைசல்காரன்

விடலாம். நான் பூசுவதில்லை. குழியை 220 வரை மென்மையாக்கி வெறும் மரமாக விடுவேன். சாயமும் மெழுகும் உள்ளே படக் கூடாது, அவ்வளவுதான். முதல் சில முறை பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பி, அவசரமில்லாமல் இழுத்தால் கரிப்படலம் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

வேரடி

நான் பூசுவேன். மோரில் ஆக்டிவேட்டட் கரித்தூளைக் குழைத்து மெல்லிய ஒரு தடவல், ஒரு நாள் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும். புதுக்கையில் இழுப்பு வேகமாக இருக்கும், அந்தச் சூட்டில் வெறும் மரம் கருகிக் குழிவிழ வாய்ப்பிருக்கிறது. பூசுவதற்கு முன் புகைத்துளையில் பைப் கிளீனரைச் செருகி வையுங்கள், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். தொழிற்சாலைகளில் சிலர் வாட்டர் கிளாஸ் (சோடியம் சிலிக்கேட் கரைசல்) கலந்து பூசுகிறார்கள். அது கெட்டியாக நிற்கும், ஆனால் கரிப்படலம் அதன்மேல் சீராக ஏறுவதில்லை என்பது என் எண்ணம்.

கரிப்படலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் சுரண்டிக் குறைத்துவிடுங்கள். கரியும் மரமும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. தடித்தால் கிண்ணம் பிளக்கும்.

புதுஉளி

முடித்துவிட்டேன். கறுப்பு அடிச்சாயம், மேலே சிவப்பு, அவலரக்கு ஒரு தடவல், கார்னோபா. உள்ளே மோரும் கரியும். வலப்பக்கம் பறவைக்கண் நன்றாகத் தெரிகிறது, பள்ளத்தைத் தேடினால்தான் கண்ணில் படும். முதல் தடவை பாதிக் கிண்ணம் பிடித்தாகிவிட்டது, களகளச் சத்தம் இல்லை. ஒன்றே ஒன்று: முடிந்ததும் வாய்க்குழாயைக் கழற்றலாம் என்று பார்த்தால் அசையவில்லை. செருகும்போது சுலபமாகத்தான் போனது. கழுந்தைக் கொஞ்சம் தேய்க்கட்டுமா?

வேரடி

தொடாதீர்கள்! சூடாக இருக்கும்போது கழற்றப் பார்த்தால் கழுந்து முறியும், அல்லது தண்டு விரியும். ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது, காய்ந்தால் பழையபடி ஆகும். நாளை காலைவரை அப்படியே வைத்துவிட்டு, நேராக இழுக்காமல் திருகிக்கொண்டே கழற்றுங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கழுந்தின்மேல் சுற்றிலும் பென்சிலால் கிறுக்கி, செருகித் திருகிப் பாருங்கள். கிராஃபைட் வழுவழுப்புக் கொடுக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மழையில்லாத மாதத்தில் தளதளவென்று ஆடும், அப்புறம் தேன்மெழுகு தடவித்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.